இழந்த உறுப்பும் எடுக்க வேண்டிய முடிவும்



கண்ணில் நோய் வந்தால் கண்நோய் என்கிறோம். பல்லில் வலி வந்தால் பல்வலி என்கிறோம். மார்பில் கட்டி என்றால் மட்டும் நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. 'அந்த இடத்தில்' என்பார்கள்; 'பெண்கள் சமாச்சாரம்' என்பார்கள்; பிள்ளைகள் அருகே இருந்தால் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். நமக்கு நாணம் உண்டு; நோய்க்கு அது கிடையாது. இந்தியப் பெண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெற்று நிற்பது மார்பகப் புற்றுநோயே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு அந்நோய் புதிதாகக் கண்டதென மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆதலின், உங்களுள் சிலருடைய இல்லங்களிலாவது, தாய்க்கோ தமக்கைக்கோ அத்தைக்கோ இச்சோதனை என்றேனும் வரக்கூடும். அன்று, படித்த பிள்ளை என்று உங்களைத்தான் உடன் அழைத்துச் செல்வார்கள். உங்கள் கையில்தான் மருத்துவமனைத் தாள்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள்.

நோயின் தோற்றத்தையும் அதைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வழிகளையும் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது, அதற்கு அப்பால் வரும் ஒரு கேள்வி. நோயின் பொருட்டு மார்பகத்தை அகற்ற நேர்ந்தால், அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவதா, அல்லது வேறொன்றால் மறுபடி அமைத்துக்கொள்வதா? அமைத்துக்கொள்வதாயின் எதனால், எப்போது? நான் மருத்துவன் அல்லன். 35 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன். கடினமான பாடத்தைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லுவது என் தொழில். அந்த அளவில் இதைக் கேளுங்கள்.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 'தேர்ந்தெடுத்தல்' என்பதே இத்துறையில் மிக அண்மைக் காலத்தில் வந்த பேறு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர், 1894-இல் தம் சிகிச்சை முறையின் பயன்களை வெளியிட்டார். மார்பகம் முழுவதையும், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றிவிடுவது அம்முறை. நோய் வேரோடு போக வேண்டும் என்பது அவர் கருத்து. அக்காலத்தில் அது பல உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அதன் பின்னர் ஏறத்தாழ 80 ஆண்டுகள், கட்டி சிறிதாயினும் பெரிதாயினும் அதுவே விதி என்று ஆகிவிட்டது.

அந்நாளில் நடந்தது யாதெனில், கட்டியோடு வந்த பெண் ஒரு தாளில் கையொப்பமிடுவாள்; மயக்க மருந்து கொடுப்பார்கள்; அவள் மயங்கிக் கிடக்கையிலேயே கட்டியின் ஒரு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்; புற்றுநோய் என்று தெரிந்தால் அப்போதே மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். கண் விழித்த பின்னர்தான், தனக்கு நோய் இருந்தது என்பதும் தன் உறுப்புப் போய்விட்டது என்பதும் அவளுக்குத் தெரியவரும். ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகை எழுத்தாளர் 1974-இல் தமக்குக் கட்டி கண்டபோது இதற்கு இசைய மறுத்தார். 'முதலில் சோதனை செய்யுங்கள். விடையை எனக்குச் சொல்லுங்கள். அதன்பின் முடிவு செய்வோம்' என்றார். இதற்காக இடைவிடாது எழுதினார், வாதாடினார். 1979-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் குழுவில் மருத்துவத் துறை சாராத ஒரே உறுப்பினராக அவர் அமர்ந்தார். சோதனை ஒரு நாள், அறுவை மற்றொரு நாள் என்று பிரித்தே செய்யலாம் என அக்குழு பரிந்துரைத்தது. அந்த இரண்டு நாட்களுக்கு இடையே கிடைத்த சிறிய கால இடைவெளியில்தான், மாணவர்களே, பெண்ணின் முடிவு என்பது பிறந்தது.

இதே காலத்தில் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த பெர்னார்டு பிஷர் என்னும் மருத்துவ அறிஞர் 1976-இல் பெரியதோர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கட்டி சிறிதாக இருக்கும்போது அதை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றினாலும், பெண்கள் உயிர்வாழும் காலம் மாறுபடவில்லை என்பதை அவரும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்டனர். 20 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2002-இல் வெளியிட்ட முடிவும் அதையே உறுதி செய்தது. ஆகவே, சீரமைப்பைப் பற்றி எண்ணுவதற்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'முழு மார்பகத்தையும் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?' கட்டி பெரிதாக இருந்தாலோ, ஒரே மார்பகத்தில் பல இடங்களில் பரவியிருந்தாலோ, கதிர்வீச்சைத் தாங்க முடியாத காரணம் இருந்தாலோ, 'ஆம்' என்பது விடையாகும். அவ்விடை வந்த பின்னர்தான் நம் பாடம் தொடங்குகிறது.

அப்பெண்ணின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஒன்றும் செய்யாதிருத்தல். தோலைச் சமனாக இழுத்துத் தைத்துவிடுவார்கள். காயம் ஆறியதும் தட்டையான மார்பில் ஒரு தழும்புக் கோடு நிற்கும். இதைச் சிகிச்சையின் குறை என்று எண்ணுதல் தவறு. இதுவும் ஒரு முறையான தேர்வே. காயம் விரைவில் ஆறுகிறது. அடுத்து வரவேண்டிய மருந்துச் சிகிச்சை தடையின்றித் தொடங்குகிறது. மறுபடி ஒரு கத்தி இல்லை. வெளித்தோற்றம் பழையபடி இருக்க வேண்டுமென்று விரும்புவோர் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகங்களைப் பயன்படுத்தலாம். சிலிக்கோனால் ஆனவை உண்டு. பருத்தி நூலால் பின்னியவையும் உண்டு. பெரிய மார்பகம் ஒன்றை இழந்த சிலருக்கு ஒருபுறம் பாரம் குறைந்ததால் தோளும் முதுகும் வலிக்கும். அவர்களுக்குத் தக்க எடையுள்ள செயற்கை மார்பகம் அழகுக்கு மட்டுமன்றி உடலின் சமநிலைக்கும் உதவுகிறது.

இரண்டாம் வழி, உடலுக்குள் செயற்கைப் பொருளை வைத்து அமைத்தல். 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் கிரோனின், பிராங்க் ஜெரோ என்னும் இரு மருத்துவர்கள் முதன்முதலாகச் சிலிக்கோன் பையை ஒரு பெண்ணின் மார்பில் பொருத்தினர். இன்றும் அடிப்படை அதுவே. சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் கூழோ உப்பு நீரோ நிரம்பியிருக்கும். அகற்றிய இடத்தில் போதிய தோல் இல்லையாயின், முதலில் வெறும் பை ஒன்றைத் தசைக்கு அடியிலோ தோலுக்கு அடியிலோ வைப்பார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி வழியே சிறிது சிறிதாக உப்பு நீரைச் செலுத்துவார்கள். கருவுற்ற தாயின் வயிற்றுத் தோல் மெல்ல மெல்ல விரிந்து இடம் கொடுப்பதைப் போலவே இங்கும் தோல் விரிந்து கொடுக்கிறது. பின்னர் அப்பையை எடுத்துவிட்டு நிலையான பையைப் பொருத்துவார்கள்.

இதன் நன்மைகள் வெளிப்படை. அறுவை நேரம் குறைவு. உடலின் வேறெந்தப் பகுதியிலும் காயமில்லை. படுக்கையிலிருந்து விரைவில் எழலாம். குறைகளையும் சொல்ல வேண்டும். 'நிலையான பை' என்றேனே, அது வாழ்நாள் முழுவதும் நிலைப்பதன்று; ஆண்டுகள் சென்றபின் மாற்றவோ எடுக்கவோ நேரலாம். அயற்பொருள் எதுவாயினும் உடல் அதைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். சிலருக்கு அச்சுவர் சுருங்கி இறுகி, மார்பு கல்போலாகி வலி தரும். கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கு இத்தொல்லை மிகுதி. பை கசிவதும் உண்டு. மேற்பரப்பு சொரசொரப்பாக உள்ள பைகளைச் சுற்றி, மிக அரிதாக, நிணநீர்ப் புற்றுநோய் வகை ஒன்று தோன்றுவதாக அறியப்பட்டதால், அத்தகைய ஒரு வகைப் பைகள் 2019-இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இவற்றைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், இவற்றைக் கேளாமலே கையொப்பமிடுவதும் தகாது.

மூன்றாம் வழி, அப்பெண்ணின் உடலிலிருந்தே தசையும் கொழுப்பும் தோலும் எடுத்து மார்பகம் அமைத்தல். பிளாஸ்டிக் அறுவை என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலர் நெகிழிப் பொருளை நினைத்துக்கொள்கிறோம். உருவம் கொடுத்தல், வார்த்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். இக்கலையின் பழைய வேர் நம் நாட்டிலேயே இருக்கிறது. அறுபட்ட மூக்கைக் கன்னத் தோலைக் கொண்டு அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. புனா நகரில் மூக்கறுபட்ட வண்டிக்காரர் ஒருவருக்கு நெற்றித் தோலை இறக்கி மூக்கு அமைத்த செய்தி 1794-இல் இலண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வெளிவந்தது. அதைக் கண்ட கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-இல் தம் நாட்டில் அதைச் செய்து வெற்றி பெற்றார்.

இம்முறையின் இரகசியம் என்ன? மாமரத்தில் நெருக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தாய் மரத்தின் கிளையை வெட்டாமலே, தொட்டியிலுள்ள கன்றோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஒட்டுப் பிடிக்கும் வரையில் கிளை தாய் மரத்தின் சாற்றையே உண்டு வாழும். அதுபோலவே, இடம் மாற்றப்படும் சதைக்கு இரத்த ஓட்டம் அறுபடாதிருக்க வேண்டும். முதுகிலுள்ள அகன்ற தசையை அதன் இரத்தக் குழாயோடு சேர்த்து, அக்குள் வழியே முன்புறம் திருப்பிக்கொண்டு வருவது ஒரு முறை. அடிவயிற்றின் கொழுப்பையும் தோலையும் வயிற்றுத் தசையோடு மேலே கொண்டுவருவது மற்றொரு முறை. இதை அட்லாண்டா நகரின் கார்ல் ஹார்ட்ராம்ப் 1982-இல் வெளியிட்டார். வயிற்றுத் தசையை எடுத்தால் வயிறு வலுவிழக்கிறது, சிலருக்குக் குடல் பிதுங்குகிறது என்று கண்டபின், தசையை விட்டுவிட்டுக் கொழுப்பையும் தோலையும் மட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களுடன் பிரித்தெடுக்கும் முறை 1990-களில் வளர்ந்தது. இங்கே தாய் மரத்தின் தொடர்பை அடியோடு அறுத்து, மார்பிலுள்ள இரத்தக் குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்து இணைக்கிறார்கள். தைக்கும் குழாயின் அகலம் சில மில்லிமீட்டரே. தைக்கும் நூல் தலைமயிரினும் மெல்லியது.

இவ்வாறு அமைந்த மார்பகம் வெதுவெதுப்பாக இருக்கும்; உடல் பருத்தால் தானும் பருக்கும், மெலிந்தால் மெலியும்; அயற்பொருள் ஒன்றும் அதில் இல்லை. கதிர்வீச்சுப் பெற்ற மார்புக்கு இதுவே பெரும்பாலும் ஏற்றது. ஆயின் விலையும் பெரிது. அறுவை 6 மணி முதல் 8 மணி நேரமோ அதற்கு மேலோ நீளக்கூடும். எடுத்த இடத்திலும் காயம், வைத்த இடத்திலும் காயம். பல வாரங்கள் பாரம் தூக்கலாகாது. நூற்றில் சிலருக்கு இரத்த ஓட்டம் நின்று, இடம் மாற்றிய சதை பிழைக்காமல் போவதும் உண்டு. புகைப்பவர்களுக்கும், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். மிக மெலிந்த உடலினருக்கு எடுப்பதற்கே போதிய கொழுப்பு இராது.

எந்த வழியாயினும் பொதுவான சில உண்மைகள் உண்டு. சீரமைத்த மார்பகம் உருவத்தைத் தரும், பழைய உணர்ச்சியை முழுமையாகத் தராது, பால் சுரக்காது. காம்பும் அகற்றப்பட்டு, அது மீண்டும் வேண்டுமென்றால் அதைப் பின்னர் தனியே அமைக்க வேண்டும், அல்லது பச்சை குத்தி நிறம் கொடுக்க வேண்டும். சீரமைப்பினால் நோய் திரும்பி வருவதுமில்லை. வந்தால் அது மறைந்து கிடப்பதுமில்லை. காலத்தைப் பொறுத்தவரை, அகற்றும்போதே அமைத்துக்கொள்ளலாம். மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் அமைத்துக்கொள்ளலாம். இன்று 'வேண்டாம்' என்றவர் நாளை 'வேண்டும்' எனலாம், கதவு மூடிவிடுவதில்லை. கதிர்வீச்சு தேவைப்படுமா என்பதைப் பொறுத்து, 'சிறிது பொறுங்கள்' என்று மருத்துவரே சொல்லக்கூடும்.

இவ்வளவையும் ஒரு பட்டியலாக எழுதி மதிப்பெண் கொடுத்து, 'இதுவே சிறந்தது' என்று நாம் முடிவு கட்டிவிட முடியுமா? முடியாது. என் உறவில் நிகழ்ந்த இரண்டைச் சொல்லுகிறேன்.

என் தமக்கையாருக்கு 68 வயதில் இந்நோய் கண்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டார். 'எனக்கு இன்னொரு கத்தி வேண்டாம், தம்பி' என்றார். காயம் ஆறியபின் தாமே இலவம்பஞ்சை அடைத்து ஒரு சிறு பை தைத்தார். பஞ்சு மட்டும் இருந்தால் மேலே ஏறிவிடுகிறதென்று கண்டு, அதன் அடியில் ஒரு கைப்பிடி கடுகைச் சேர்த்து ரவிக்கையின் உட்புறம் பொருத்திக்கொண்டார். கோயிலுக்குப் போகும்போது அணிவார்; வீட்டில் கழற்றி வைத்துவிடுவார். அவர் முகத்தில் ஒரு நாளும் குறையை நான் கண்டதில்லை.

என் மனைவியின் தங்கைக்கு வந்தபோது வயது 44. தையற்கடை நடத்துபவர். மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் எங்கள் எல்லோரையும் அமர்த்தி மூன்று வழிகளையும் விளக்கிவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். அவர் வாய் திறக்குமுன், "உயிர் பிழைத்தால் போதும், டாக்டர், வேறொன்றும் வேண்டாம்" என்றார் கணவர். "இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு?" என்றார் மாமியார். கல்லூரியில் படிக்கும் மகன் கைப்பேசியைப் பார்த்து, "வயிற்றுக் கொழுப்பை வைப்பதுதான் சிறந்தது என்று போட்டிருக்கிறது" என்றான். மூவரும் அன்பினால்தான் பேசினார்கள். மருத்துவர் புன்னகைத்து, "நோயாளி ஒருவர், விடை மூன்று வருகிறதே" என்று சொல்லி, எங்கள் அனைவரையும் வெளியே இருக்கச் செய்தார்.

உள்ளே அவர் சொன்னது பின்னர் எங்களுக்குத் தெரிந்தது. 'என் தோளும் கையும்தான் என் மூலதனம். ஆகையால் முதுகுத் தசையைத் தொட வேண்டாம். இப்போது நோய் போகட்டும், கதிர்வீச்சும் முடியட்டும். ஆனால் எனக்கு மார்பகம் வேண்டும். பிறருக்காக அன்று, கண்ணாடியில் என்னை நான் பார்ப்பதற்காக.' இரண்டு ஆண்டுகள் கழித்து அடிவயிற்றிலிருந்து அமைத்துக்கொண்டார். மகன் படித்துக் காட்டிய வழியும் அதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வழி அதுவே, ஆனால் அவன் சொன்னபோது அது கைப்பேசியின் விடை, அவர் சொன்னபோது அது அவருடைய வாழ்க்கையை எடைபோட்டு வந்த விடை. இரண்டும் ஒன்றல்ல.

வீட்டார் 'வேண்டாம்' என்று தடுப்பதில் மட்டும்தான் தவறு இருக்கிறதென்று எண்ணாதீர்கள். 'வேண்டும்' என்று வற்புறுத்துவதும் அதே தவறுதான். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978-இல் ஒரு மார்பகத்தை இழந்தார். செயற்கை மார்பகம் அணியாமலே மருத்துவரைப் பார்க்கச் சென்றார். அங்கிருந்த செவிலி, நீங்கள் இப்படி வந்தால் இங்குள்ள பிற நோயாளிகளின் மனம் தளரும் என்ற கருத்துப்பட அவரைக் கடிந்துகொண்டாராம். தழும்பை மறைக்கச் சொல்வதால் துணிவு வளராது, தனிமையே வளரும் என்று அவர் 1980-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். என் தமக்கையார் அந்நூலைப் படித்தவரல்லர். ஆயினும் வீட்டில் அந்தப் பஞ்சுப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது, அதே உரிமையைத்தான் அவரும் எடுத்துக்கொண்டார்.

ஆகவே, மாணவர்களே, உங்கள் வீட்டில் இந்நாள் வந்தால் நீங்கள் செய்ய வேண்டியவை சில. ஒரு தாளை எடுத்துக் கேள்விகளை எழுதுங்கள். மார்பகத்தை முழுவதும் எடுப்பது அவசியமா? கதிர்வீச்சு தேவைப்படுமா? இன்றே முடிவு சொல்ல வேண்டுமா, எத்தனை நாள் பொறுக்கலாம்? இம்மருத்துவமனையில் எந்தெந்த முறைகளைச் செய்கிறார்கள், செய்யாத முறை வேண்டுமாயின் எங்கே செல்வது? இதேபோன்ற அறுவை செய்துகொண்டவர்களின் படங்களைக் காட்ட முடியுமா, அவர்களுள் ஒருவரோடு பேச முடியுமா? எத்தனை முறை அறுவை, மொத்தம் எவ்வளவு செலவு, காப்பீடு எதை ஏற்கும்? சொல்வது புரியவில்லையென்றால் மறுபடி கேளுங்கள். மறுபடி கேட்பது மரியாதைக் குறைவன்று. விடைகளை எழுதி, வீட்டிற்கு வந்து, அமைதியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள்.

அதன்பின் தாளை அவரிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் உங்கள் மௌனம் நல்லது. 'அந்த இடம்' என்று பெயர் சொல்லாமல் ஒதுக்கும் மௌனம் பெண்ணைத் தனியே நிறுத்துகிறது. அவர் முடிவு சொல்லும் வரையில் காத்திருக்கும் மௌனமோ அவருக்குத் துணை நிற்கிறது. அவர் 'வேண்டும்' எனலாம், 'வேண்டாம்' எனலாம், 'பிறகு பார்ப்போம்' என்றும் சொல்லலாம். எது சொன்னாலும், 'சரி, அம்மா' என்று சொல்லி அடுத்த காரியத்தைக் கவனிக்க எழுந்திருங்கள்.